பழைய கணனியும் புதிய அட்டையும்: பொருத்தம் பற்றி ஒரு மறுப்புரை

‘செருகுவாய் ஒன்றாயின் அட்டை பொருந்தும்’ என்பது இன்று நம் மாணவரிடையே மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட ஒரு கொள்கையாகும். விற்பனையாளர் இதனையே கூறுகின்றனர். மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பினர்க்கு இதனையே சொல்லிக்கொடுக்கின்றனர். கணனியறிவு மிக்க விரிவுரையாளர் சிலரும், மண்டபத்தின் வழியில் நிறுத்திக் கேட்டால், இதனையே விடையாகத் தந்துவிட்டுச் செல்கின்றனர். இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆயின் பாதி உண்மை. அப்பாதி உண்மையை நம்பிப் பணத்தை இழப்பவர், அதனைப் பரப்புவோர் அல்லர் என்பதே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

முதலில் ஒரு நிகழ்ச்சி. கையெழுத்துத் தமிழ் எழுத்துகளைக் கணனி இனங்காணச் செய்யும் முறையொன்றைத் தம் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாணவர் ஒருவர், பழைய டெல் பிரிசிஷன் டி3500 கணனியொன்றை இரண்டாங்கையாக வாங்கியிருந்தார். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த வகை அது. ‘வேர்க்ஸ்டேஷன்’ என்று கடைத்தெருவில் வழங்கும் பணிநிலையக் கணனி. வெளிநாட்டு அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த இவ்வகை இயந்திரங்கள் கனத்தவை, உறுதியானவை, விலை குறைந்தவை. ஆகையால் மாணவர் இவற்றை நாடுவதில் வியப்பில்லை. கணனிக்கென ஜிடிஎக்ஸ் 1650 என்னும் வரைகலை அட்டையைக் கடன்பட்டு வாங்கினார். அட்டை செருகுவாயிற் செவ்வனே அமர்ந்தது. திரையில் ஒளி வந்தது. இயக்கு மென்பொருள் ஏறியது. விளையாட்டொன்றும் ஓடிற்று, நண்பர்கள் கூடி நின்று பாராட்டினர். மறுநாள் தம் ஆய்வுக்குரிய டென்சர்ஃபுளோ நிரலகத்தை அழைத்தார். ‘செல்லாத கட்டளை’ எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டிவிட்டு அது நின்றுவிட்டது. எத்தனை முறை அழைத்தாலும் அதே இரண்டு சொற்கள்.

அட்டையிற் பழுதில்லை. செருகுவாயிலும் பழுதில்லை. டென்சர்ஃபுளோவின் ஆயத்த வெளியீடுகள் 2018ஆம் ஆண்டின் 1.6ஆம் பதிப்பிலிருந்து செயலியிடத்தே ‘ஏவிஎக்ஸ்’ என்னும் கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கின்றன. இன்டெல் நிறுவனம் அத்தொகுதியை 2011இல் வெளியிட்ட செயலிகளிலேயே முதன்முதலாகச் சேர்த்தது. 2009ஆம் ஆண்டின் சியோன் செயலிக்கு அது தெரியாத மொழி. ஆக, கணக்கிடும் வேலையை அட்டைதான் செய்யப்போகிறது என்றாலும், அட்டைக்கு வேலையை ஏவும் மென்பொருள் செயலியின் வாசலிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. மூல நிரலிலிருந்து அந்நிரலகத்தைத் தாமே தொகுத்துக்கொள்ள வழி உண்டு. ஆய்வேடு ஒப்படைக்கச் சில வாரங்களே இருக்கும் ஒருவருக்கு அது வழியாகாது.

‘பொருந்தும்’ என்று சொல்லி விற்றவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் கேட்டுக்கொண்ட கேள்விக்கு அவர் தந்த விடை சரியானதே. கேள்வியே குறைபட்டது. அட்டை எதனோடு பொருந்த வேண்டும் என்பதை எவரும் கேட்கவில்லை. பொருத்தம் என்பதை அட்டையின் மேலட்டைப் பெட்டியில் அச்சிட்டு விற்கக்கூடிய ஒரு பண்பாகக் கருதுகின்றனர். அது அவ்வாறானதன்று. ஒரு குறித்த இயந்திரம், ஒரு குறித்த வேலை, ஒரு குறித்த அட்டை ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள தொடர்பு அது. மூன்றில் ஒன்றை மாற்றினாலும் விடை மாறும். இதனை ஏற்றுக்கொண்டால், அட்டைகளின் பட்டியலைப் பார்த்துத் தெரிவைத் தொடங்குவது தலைகீழான முறை என்பதும் தானே விளங்கும்.

மின்வலுவை எடுத்துக்கொள்வோம். வரைகலை அட்டைக்குரிய செருகுவாய் தன் வழியாகத் தரக்கூடிய மின்வலு 75 உவாற்றுக்கு மேற்படாது. ஆறு ஊசி மின்னிணைப்பு இன்னும் 75 உவாற்றைத் தரும். எட்டு ஊசி இணைப்பு 150ஐத் தரும். இவை விதிக்கப்பட்ட அளவுகள். சாதாரண மேசைக் கணனியாயின் மின்வழங்கி போதாவிடில் வேறொன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பழைய பணிநிலையக் கணனிகளிற் பெரும்பாலானவற்றில் அது இயலாது. டெல்லும் எச்பியும் தத்தம் மின்வழங்கிகளுக்குத் தனி வடிவையும் தாய்ப்பலகைக்குத் தனி இணைப்பையும் வகுத்துக்கொண்டன. கடையில் உள்ள பொது மின்வழங்கி அக்கூட்டினுள் நுழையாது, நுழைந்தாலும் இணையாது. செருகுவாயை மட்டும் உலகப் பொதுவாக்கிவிட்டு, அதற்கு உயிரூட்டும் உறுப்பைத் தம் தனியுடைமையாக வைத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டைப் பொறியியல் தேவை என்று சிலர் நியாயப்படுத்துவர். உருவி எடுத்து மாட்டக்கூடிய மின்வழங்கி பேணுவதற்கு எளிது என்பது மெய்தான். ஆயின் அந்த எளிமை முதல் உரிமையாளனாகிய பெருநிறுவனத்துக்கு வாய்த்தது. இரண்டாம் உரிமையாளனாகிய மாணவனுக்கு வாய்த்தது பூட்டு மட்டுமே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2012இல் வந்த டெல் பிரிசிஷன் டி3600 என்னும் ஒரே பெயரில், 425 உவாற்று மின்வழங்கி கொண்டதும் உண்டு, 635 உவாற்று கொண்டதும் உண்டு. வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லை. ‘என் நண்பனின் டி3600இல் இந்த அட்டை ஓடுகிறது’ என்பது சான்றாகாது. பக்கக் கதவைத் திறந்து, மின்வழங்கியின் மேல் ஒட்டியுள்ள தாளைப் படித்து, எத்தனை ஊசி இணைப்புகள் தொங்குகின்றன என்று விரலால் தொட்டு எண்ணியவனே அறிந்தவன்.

இணைப்புப் போதாதபோது, சாட்டா வகை மின்கம்பியை ஆறு ஊசி இணைப்பாக மாற்றும் சிறு கம்பியொன்றைச் சில நூறு ரூபாவுக்குத் தருகிறார்கள். வன்தட்டுக்கென அமைந்த அச்சாட்டா இணைப்பின் 12 உவோற்று ஊசிகள் மூன்றும் சேர்ந்து தாங்குவது 4.5 அம்பியர்; அதாவது 54 உவாற்று. அதன் மறுமுனையில் உள்ள ஆறு ஊசி இணைப்போ 75 உவாற்றை இழுக்கும் உரிமை பெற்றது. பெருக்கல் தெரிந்த எவரும் இதன் முடிவை ஊகிக்கலாம். பிளாத்திக்கு உருகிய வாடையை ஆய்வுகூடத்தில் முகர்ந்தவர்கள் ஊகிக்கவும் தேவையில்லை. கணனியறிவை நான்காண்டு கற்பிக்கும் நிலையங்களில் இந்த ஒரு வரிக் கணக்கைச் சொல்லித்தர நேரமில்லாமற் போனது ஏன் என்று நான் வினவ விரும்புகிறேன்.

இவ்வாறெல்லாம் கூறுவதால், 75 உவாற்றுக்கு உட்பட்ட சிற்றட்டைகளே பழைய கணனிக்கு உரியவை என்ற மறுகோடிக் கொள்கையை நான் ஆதரிப்பதாக எண்ணவேண்டா. அதுவும் ஒரு மந்திரமே. எச்பி இசட்420 வகையில், 600 உவாற்று மின்வழங்கியும் ஆறு ஊசி இணைப்பு இரண்டும் உள்ள ஒன்றைப் பாருங்கள். அவ்விரண்டையும் ஓர் எட்டு ஊசி முனையாக இணைத்தால் 150 உவாற்று. செருகுவாயின் 75ஐயும் கூட்டினால் 225. 12 கிகாபைட் நினைவகமும் 170 உவாற்றுத் தேவையும் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 இந்த வரம்புக்குள் அடங்கும்; கூட்டின் நீளத்தை அளந்து, குறுகிய வடிவமுள்ள ஒன்றைத் தேர்ந்தால் போதும். சாட்டா மாற்றியை நான் மறுப்பதும் இந்த இணைப்பை மறுக்காததும் ஒரே கணக்கின் இரு விடைகள். மின்னிணைப்பே இல்லாத கணனிக்கு வேண்டுமாயின் 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் ஏ2000 இருக்கிறது. 70 உவாற்றில் இயங்குவது, 6 அல்லது 12 கிகாபைட் நினைவகம் உடையது. 2024இல் வந்த 6 கிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3050உம் 70 உவாற்றே. அதே பெயருள்ள 8 கிகாபைட் 3050 அவ்வாறன்று. அதற்குத் தனி மின்னிணைப்பு வேண்டும்.

பெயரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. இதனை எளிதில் விட்டுவிட முடியாது. ஜிடி 1030 என்ற அட்டையை என்விடியா 2017இல் வெளியிட்டபோது அதன் நினைவகம் வினாடிக்கு 48 கிகாபைட் தரவைக் கடத்தியது. 2018இல் அதே பெயரில், வேறு நினைவகத்துடன், இன்னொன்று வந்தது. அது கடத்துவது ஏறக்குறைய 17 கிகாபைட், மூன்றிலொன்றளவு. பெட்டியின் மேல் உள்ள பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இரண்டிலும் ‘2 கிகாபைட்’ என்றே பெரிய எழுத்தில் அச்சிட்டனர். ஏஎம்டியும் பின்னிற்கவில்லை. ஆர்எக்ஸ் 580 என்னும் பெயருக்குரிய மூல அட்டையிற் கணிப்பலகுகள் 2304. 2018இல் சீனச் சந்தைக்கென வந்த அதே பெயருள்ள அட்டையில் 2048. அவ்வெண் பெயரின் வாலில் இருந்தது; இரண்டாங்கைச் சந்தைக்கு வந்து சேரும்போது வால் அறுந்துவிடுகிறது. உப்பையும் கர்ப்பூரத்தையும் ஒரே பொதியிற் கட்டி ஒரே பெயரிட்டு விற்றால் அதனை மோசடி என்போம். அட்டையாயின் ‘சந்தைப் பிரிவு’ என்கிறார்கள்.

இவற்றுக்கும் அப்பாற் பச்சைக் களவு ஒன்று உண்டு. ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்த ஜிடிஎஸ் 450 போன்ற பழைய சில்லுகளின் உள்நிரலை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்ளும்படி செய்து விற்கின்றனர். இயங்குதளமும் அதனை நம்பி அப்பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு சோதித்தால் இக்கள்ளம் வெளிப்படும். 2018ஆம் ஆண்டின் பதிப்பு முதல் அது போலிகளைப் பெயர்சுட்டிக் காட்டுகிறது. பணத்தைக் கொடுக்குமுன் அதனை ஓட்டிப் பார்க்க இடந்தராத கடையில் வாங்காதிருப்பதே நலம்.

செருகுவாய்க் கொள்கை தன் சொந்தக் களத்திலேயே எவ்வாறு தோற்கிறது என்பதற்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி தக்க சான்று. 2022 ஜனவரியில் வந்த இவ்வட்டை 16 தடங்கள் கொண்ட நீண்ட செருகுவாயிற் குற்றமின்றி அமரும். ஆயின் அது பயன்படுத்துவது 4 தடங்களை மட்டுமே. நான்காம் தலைமுறைத் தாய்ப்பலகையில் அந்நான்கும் வினாடிக்கு ஏறக்குறைய 8 கிகாபைட் கடத்தும். மூன்றாம் தலைமுறையில் 4; இரண்டாம் தலைமுறையில் 2. அட்டையின் சொந்த நினைவகமோ 4 கிகாபைட். அது நிரம்பி, தரவுகள் தாய்ப்பலகை வழியே போய்வரத் தொடங்கியதும் வேகம் சரிந்துவிடும். அதாவது, புதிய கணனியுடையோர்க்குக் குறைவாகவும் பழைய கணனியுடையோர்க்கு மிகுதியாகவும் தண்டனை விதிக்கும் அட்டை, மலிவு என்ற காரணத்தாற் பழைய கணனியுடையோரிடமே சென்று சேர்கிறது. காணொளியைக் குறியாக்கம் செய்யும் வன்பொருளும் அதில் இல்லை. ஆவணப்படம் தொகுக்க அதனை வாங்கியவர் இதனை வாங்கிய பின்னரே அறிவார்.

திரை பற்றிய சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆய்வுகூடங்களில் உள்ள நீலமுனை விஜிஏ திரைகளுக்குரிய ஒப்புமைக் குறிப்பலையை என்விடியா தன் 2016ஆம் ஆண்டு வரிசையிலேயே கைவிட்டது. வெறும் முனைமாற்றி உதவாது, மின்சுற்றுடன் கூடிய மாற்றி வேண்டும். மிகப் பழைய தாய்ப்பலகைகளின் தொடக்க நிரல், புதிய அட்டைகள் சிலவற்றை அறிந்துகொள்ளாமற் கருந்திரையோடு நின்றுவிடுவதும் உண்டு. அட்டையைத் திருப்பித் தர இசைவு பெற்றே வாங்குக.

இனி, அட்டையின் ஆயுள். அஃது அட்டையின் கையில் இல்லை. என்விடியா அட்டைகளிற் கணிப்பு வேலை நடைபெறுவதற்கு அடிப்படையான மென்பொருளின் பெயர் ‘கூடா’ என ஒலிக்கும். தமிழ்க் காதுக்கு அது விலக்குரை போற் கேட்பது வெறும் தற்செயல்தான். ஆயின் 2025 ஓகஸ்ற் மாதம் வந்த அதன் 13ஆம் பதிப்பு, மக்ஸ்வெல், பஸ்கால், வோல்ற்றா என்னும் மூன்று தலைமுறை அட்டைகளை உண்மையாகவே விலக்கிவிட்டது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும், 11 கிகாபைட் நினைவகத்தால் ஒரு காலத்தில் ஆய்வாளரின் விருப்பத்துக்குரியதாயிருந்த 1080 டிஐயும் அவற்றுள் அடங்கும். இவை நாளையே குப்பையாகிவிட்டன என்பது பொருளன்று. 12ஆம் பதிப்பையும் அதற்கேற்ற நிரலகங்களையும் மாற்றாது வைத்திருப்போர்க்கு அவை தொடர்ந்து உழைக்கும். ஆயின் இன்று புதிதாகப் பணம் செலவிடுபவர், இன்னும் இரண்டாண்டில் தம் ஆய்வுக்கு எந்தப் பதிப்பு வேண்டியிருக்கும் என்பதை எண்ணாமல் 1080 டிஐயை மலிவென்று வாங்குவாராயின், மலிவுக்குரிய காரணத்தையும் சேர்த்தே வாங்குகிறார். ஜிடிஎக்ஸ் 1650 சிற்றட்டையாயினும் அதற்குப் பிந்திய தலைமுறையைச் சேர்ந்தது. 13ஆம் பதிப்பு அதனை ஏற்கிறது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பார் ஒரு வாதத்தை முன்வைப்பர். ‘இத்தனை தொல்லை ஏன்? பத்தாண்டு கடந்த இயந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்குவதே அறிவுடைமை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இச்செயலிகளை ஏற்காது’ என்பர். கூறப்பட்ட செய்திகள் உண்மை. பெறப்பட்ட முடிவு தவறு. லினக்ஸ் இயங்குதளம் 2012ஆம் ஆண்டின் சியோன் செயலியில் இன்றும் தடையின்றி ஓடுகிறது. நம் ஆய்வு நிரலகங்களுட் பெரும்பாலானவை அதில்தான் நன்கு இயங்குகின்றன. மேலும், ‘புதியதை வாங்கு’ என்னும் அறிவுரை எந்த நாணயத்தில் வழங்கப்படுகிறது என்பதை மறந்துவிடலாகாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா கொடுத்தோம். மே மாதத்துக்குள் அது 360ஐ அண்மித்தது. அட்டையின் டொலர் விலை மாறாதிருக்கையிலேயே அது நமக்கு ஏறத்தாழ இருமடங்காயிற்று. கழிக்கப்பட்ட இயந்திரங்களைத் தேடி நம் மாணவர் போனது பழைமைப் பற்றினால் அன்று.

‘இணையவழிக் கணிப்புச் சேவைகள் இருக்கின்றனவே’ என்பது மற்றொரு வாதம். இருக்கின்றன, பயன்படுத்துக. ஆயின் இலவசமாகக் கிடைப்பவை நேர வரையறைக்கு உட்பட்டவை, இடையில் அறுபடுபவை. விடுதியின் இணைய வேகத்தில் ஆயிரக்கணக்கான படங்களை நாள்தோறும் ஏற்றி இறக்குவது என்னவென்று அதனைச் செய்தவர்கள் அறிவர். கணனி கற்கும் மாணவர் ஒருவர் ஒருமுறையேனும் பக்கக் கதவைத் திறந்து உள்ளே பாராமற் பட்டம் பெற்றுவிடுவதையும் நான் நல்ல முன்னேற்றம் என்று கருதவில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று உண்டு. அதனை நானே சொல்லிவிடுகிறேன். பல வேளைகளில் அட்டையே தேவையில்லை. புள்ளிவிவரப் பகுப்பாய்வும், நிலப்படத் தயாரிப்பின் பெரும்பகுதியும், பக்க வடிவமைப்பும் மந்தமாக ஓடுவதற்குக் காரணம் சுழலும் பழைய வன்தட்டும் போதாத நினைவகமுமே. அட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கைத் திண்மநிலைச் சேமிப்புக்குச் செலவிட்டால் அக்கணனி வேறொரு கணனியாகிவிடும். மறுபுறத்தில், சொலிட்வேர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் சில, தம் காட்சி வசதிகளுள் ஒன்றிரண்டைத் தொழின்முறை அட்டைகளுக்கே திறந்துவிடுகின்றன. அங்கே வேகமான விளையாட்டு அட்டை தோற்று, மெலிந்த குவாட்ரோ வெல்லும். வேலையின் பெயரைச் சொல்லாமல் ‘எந்த அட்டை நல்லது?’ என்று கேட்பவரிடம், நோயைச் சொல்லாமல் ‘எந்த மருந்து நல்லது?’ என்று கேட்பவருக்குத் தரும் விடையையே தரவேண்டியிருக்கிறது.

அம்மாணவரின் கதை எவ்வாறு முடிந்தது என்று கேட்பீர்கள். துறை ஆய்வுகூடத்தின் மூலையில் இசட்420 ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதன் செயலிக்கு ஏவிஎக்ஸ் தெரியும். அவருடைய அட்டையை அதில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் அது பொருட்பதிவேட்டில் இலக்கமிடப்பட்ட பல்கலைக்கழகச் சொத்து. அதன் கதவைத் திறக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். கடிதம் மேசை விட்டு மேசை போய்வர மூன்று வாரமும் இரண்டு நாளும் சென்றன. அதன் பின்னர் ஆய்வு ஓடிற்று. ஒப்படைப்புக்கு முந்திய இரவுவரை ஓடிற்று. அவர் எண்ணியிருந்த பரிசோதனைகளிற் பாதி கைவிடப்பட்டது.

ஆகவே என் கோரிக்கை கடைக்காரரை நோக்கியதன்று. நம் துறைகளை நோக்கியது. ஒவ்வோர் ஆய்வுகூடக் கணனியின் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டப்படவேண்டும். மின்வழங்கியின் உவாற்று, தொங்கும் ஊசி இணைப்புகளின் எண்ணிக்கை, செருகுவாயின் தலைமுறை, கூட்டினுள் உள்ள நீளம் சென்ரிமீற்றரில், செயலிக்கு ஏவிஎக்ஸ் உண்டா இல்லையா, திரைக்குரிய முனை யாது என்னும் ஆறு வரிகள் போதும். ஒரு கணனிக்குப் பத்து நிமிடம் செல்லும். திருகாணி திருப்பி ஒன்றும் அளவுநாடா ஒன்றும் வேண்டும். கேள்விப்பத்திரக் கோரல் வேண்டியதில்லை. மாணவர் தம் சொந்த அட்டையைத் துறைக் கணனியில் மாட்டுவதற்கான அனுமதியை ஆய்வுகூடப் பொறுப்பாளரே அன்றே வழங்கும்படி விதியைத் திருத்துவதற்கு ஒரு துறைக் கூட்டம் போதும். அடுத்த தவணையின் முதற் கூட்டத்தில் இதனை நிகழ்ச்சிநிரலிற் சேர்க்கும்படி எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.